டீசல் பணிமனை மின்பணிமனை ஆக: டியூட்டி சார்ட்டில் தொடங்குங்கள்

சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 2025 ஜூன் 30 அன்று 120 தாழ்தள மின்பேருந்துகள் கிளம்பின. ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 11-ல், பெரும்பாக்கத்திலிருந்து 135. அவற்றில் 55 ஏ.சி. பேருந்துகள். உலக வங்கி உதவியோடு நடக்கும் இந்தத் திட்டத்தில் பேருந்துகளைப் படம் பிடித்தவர்கள் ஏராளம். பின்சுவரை ஒட்டி நின்ற டிரான்ஸ்பார்மரை யாரும் பிடித்ததாகத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பின்சுவர் பக்கத்து வேலையைப் பற்றியது. அடுத்து எந்தக் கிளை மேலாளர் தலையில், எந்த உதவிப் பொறியாளர் தலையில் இது விழப்போகிறதோ, அவருக்காக.

சார்ஜர் விலைப்பட்டியலைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். முதலில் டைம் கீப்பர் அறைக்குப் போய் டியூட்டி சார்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பேருந்து எத்தனை சிங்கிள் (ஒருவழிப் பயணம்) அடிக்கிறது, நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், ஓட்டுநர் மாறும் நேரத்தில் பணிமனைக்குள் வருகிறதா, இல்லை டெர்மினஸிலேயே கைமாறுகிறதா, இரவு எத்தனை மணிக்கு உள்ளே, காலை எத்தனை மணிக்கு வெளியே? ஒவ்வொரு ஷெட்யூலுக்கும் இந்த ஐந்து விவரங்களையும் வரிசையாக எழுதிக்கொண்டால், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதற்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 120 பேருந்துகள், ஒவ்வொன்றும் நாளுக்கு 200 கிலோமீட்டர். ஏ.சி. இல்லாத 12 மீட்டர் பேருந்து கிலோமீட்டருக்குச் சுமார் 1.2 யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 28,800 யூனிட். சார்ஜரிலும் கேபிளிலும் வீணாவதைச் சேர்த்தால் 31,000. எல்லாவற்றையும் இரவு 10 மணியிலிருந்து அதிகாலை 4 மணிக்குள் ஏற்ற வேண்டுமென்றால் ஆறு மணி நேரமும் விடாமல் 5,200 கிலோவாட் இழுக்க வேண்டும். இதே பேருந்துகள் மதியம் 11 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் முறை வைத்து உள்ளே வந்து 40 விழுக்காட்டை ஏற்றிக்கொண்டு போனால், இரவுக்கு மிச்சம் 18,600 யூனிட். சுமை 3,100 கிலோவாட்டாக இறங்கிவிடும். பேருந்தும் அதே, தடமும் அதே. டியூட்டி சார்ட்டில் ஒரு மதிய இடைவேளையை நகர்த்தியதற்கு 2,000 கிலோவாட் மிச்சம். இந்த மிச்சத்தை எந்தச் சார்ஜர் கம்பெனியும் உங்களுக்கு விற்க முடியாது.

பகல் சார்ஜிங்கில் இன்னொரு லாபமும் உண்டு. மத்திய அரசு 2023-ல் திருத்திய விதிகளின்படி, நேரத்துக்கு ஏற்ற கட்டண முறையில் சூரிய ஒளி நேரத்து மின்சாரத்துக்குக் குறைந்தது 20 விழுக்காடு விலை குறைய வேண்டும். உங்கள் இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் வரும், உச்ச நேரம் எது என்பதை விண்ணப்பம் போடும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். டிமாண்ட் கட்டணத்தையும் மறக்க வேண்டாம். உயர் அழுத்த இணைப்பில், இழுத்தாலும் இழுக்காவிட்டாலும், ஒப்பந்தச் சுமையின் பெரும்பகுதிக்குப் பணம் கட்டியாக வேண்டும். ஒப்பந்தத்தைத் தாண்டினால் அபராதம். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஏற்றிக் கேட்டால் மாதாமாதம் அழ வேண்டியதுதான்.

இப்போது சார்ஜருக்கு வரலாம். பேருந்துக்கென்று பரவலாக வைப்பது 240 கிலோவாட், இரட்டைக் கன் கொண்ட வகை. இரண்டு கன்னிலும் பேருந்து மாட்டியிருந்தால் ஆளுக்கு 120. நம் கணக்கில் இரவு ஒரு பேருந்துக்குச் சராசரியாக 155 யூனிட். பேட்டரி 80 விழுக்காட்டைத் தாண்டியதும் ஏற்றம் மந்தமாகிவிடும். கன்னைக் கழற்றி, வண்டியை நகர்த்தி, அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்த கால் மணி நேரம் போகும். ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு மணி நேரம் வையுங்கள். ஆறு மணி நேரத்தில் மூன்று சுற்று, 40 கன், 20 சார்ஜர். இருபதும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் 4,800 கிலோவாட். அப்படி ஓட விடக்கூடாது. மொத்தச் சுமை, சராசரி 3,100-க்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு, 3,600-ஐத் தாண்டாமல் சார்ஜர்களுக்குள் பகிர்ந்து கொடுக்கும் சுமை மேலாண்மை மென்பொருளை டெண்டரிலேயே கேளுங்கள். அது எந்த நிறுவனத்தின் சார்ஜரோடும் பேசக்கூடிய ஓ.சி.பி.பி. நெறிமுறையில் இருக்கட்டும். இல்லையென்றால் பத்தாண்டுக்கு ஒரே நிறுவனத்தின் கையில் மாட்டிக்கொள்வீர்கள்.

சுமை தெரிந்த அன்றே மின்வாரியத்துக்கு விண்ணப்பியுங்கள். 11 கே.வி.யில் கொடுப்பார்களா, 33 கே.வி.யா, அருகில் உள்ள துணைமின் நிலையத்தில் இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அவர்கள் சொல்ல வேண்டியவை. மொத்த வேலையிலும் நீளமாக இழுப்பது இதுதான். சென்னை என்றால் இன்னொன்று: வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது மாநகராட்சி சாலை வெட்டுக்குத் தடை போட்டுவிடும். செப்டம்பருக்குள் கேபிள் பள்ளம் தோண்டி மூடாவிட்டால் பொங்கலுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முடிந்தால் இரண்டு தனித்தனி ஃபீடர் கேளுங்கள். ஒன்று போனால் மற்றதற்கு மாற்றிக்கொள்ள ரிங் மெயின் யூனிட் வேண்டும். ஜெனரேட்டர் வைத்து இத்தனை பேருந்தை ஏற்றிவிடலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

அடுத்தது இடம். சார்ஜர் வேலையில் பாதி, பேருந்து எப்படி நிற்கும் என்பதுதான். டீசல் பணிமனையில் வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிவிடலாம். முன்வண்டி கிளம்பினால் பின்வண்டி கிளம்பும். இங்கே நடுவில் ஒரு வண்டி ஏறிக்கொண்டிருந்தால் பின்னால் நிற்பவை சிறைப்பட்டுவிடும். எந்த வண்டியும் தனியாக உள்ளே வந்து தனியாக வெளியே போகிற மாதிரி, மீன்முள் வடிவில் சாய்வாகக் கோடு போடுங்கள். கோடு போடும் முன் வரப்போகும் பேருந்தின் சார்ஜிங் வாய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நான் போய்ப் பார்த்த ஒரு பணிமனையில் இதைப் பார்க்காமல் சார்ஜர் மேடை கட்டிவிட்டார்கள். பேருந்து வந்தது, கேபிள் ஒரு மீட்டர் எட்டவில்லை. எல்லா வண்டியும் ரிவர்ஸில் வந்து நிற்க வேண்டியதாயிற்று. ராத்திரி பதினொரு மணிக்கு நாற்பது வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தைப் பக்கத்துத் தெருக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

கன்னைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஏன் இவ்வளவு கவனம் என்பது புரியும். கீழே இரண்டு பெரிய துளைகள், மின்சாரம் போவதற்கு. மேலே இருக்கும் சின்னவை வழியாகச் சார்ஜரும் வண்டியும் பேசிக்கொள்ளும். செருகியதும் ‘டக்’கென்று பூட்டு விழும், சில நொடி மௌனம், பிறகு திரையில் விழுக்காடு ஏறத் தொடங்கும். கேபிள் தடியானது, கனமானது. மாட்டும் கொக்கி கைக்கு எட்டும் உயரத்தில் இல்லையென்றால் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் அதைத் தரையில்தான் போடுவார். அதன் மேல் அடுத்த வண்டியின் டயர் ஏறும். இதற்கு மருந்து பயிற்சி வகுப்பு இல்லை, கொக்கியும் சக்கரத் தடுப்புக் கட்டையும் சார்ஜரைச் சுற்றி நான்கு இரும்புத் தூணும்தான்.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. மழை என்றால் வியாசர்பாடிக் கணேசபுரம் சுரங்கப்பாதை செய்தியில் வரும். பெரும்பாக்கமோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியது; 2023 மிக்ஜாம் புயலில் அந்தப் பக்கம் நின்ற தண்ணீரை யாரும் மறந்திருக்க முடியாது. டிரான்ஸ்பார்மர், சுவிட்ச்கியர், சார்ஜர் மூன்றின் மேடையும் அங்கே இதுவரை ஏறிய வெள்ள மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்த மட்டத்தைக் கோப்பில் தேட வேண்டாம், எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் சுவரைத் தொட்டே காட்டுவார். வண்டி கழுவும் இடத்தைச் சார்ஜரிலிருந்து தள்ளி வையுங்கள், கழுவிய நீர் கேபிள் பள்ளத்துக்குள் இறங்காதபடி வாட்டம் கொடுங்கள். டீசல் வண்டிகளும் கொஞ்ச காலம் கூடவே ஓடும் என்பதால் பங்க்கும் நிலத்தடித் தொட்டியும் இருக்கும். மின்வேலை எதுவும் அதன் பக்கம் போகாமல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடுங்கள்.

பேட்டரி தீக்கு வழக்கமான மணல் வாளி போதாது. அணைந்த மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. புகைகிற வண்டியை இழுத்துக்கொண்டு போய் நிறுத்த மற்ற வண்டிகளிலிருந்து விலகிய ஒரு வெற்றிடம், அங்கே எட்டும் ஹைட்ரண்ட், தீயணைப்பு வண்டி திரும்ப வழி. இந்த மூன்றும் வேண்டும். இடநெருக்கடியில் முதலில் காவு போவது அந்த வெற்றிடம்தான். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பட்டறை மாற்றம் எளிது. கூரையில் பேட்டரி உள்ள வண்டி என்றால் ஏறி நிற்க மேடை, உயர் அழுத்த வேலைக்குக் காப்புக் கையுறை, வேலை நடக்கும்போது வேறு யாரும் மின்சாரத்தைப் போட்டுவிடாமல் இருக்கப் பூட்டும் அட்டையும்.

ஒப்பந்தத்தில் ஒரு பத்தியை மட்டும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். சென்னையில் பேருந்தும் ஓட்டுநரும் ஒப்பந்ததாரருடையது, நடத்துநர் மாநகர் போக்குவரத்துக் கழகத்தவர், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் மின்கட்டணம் யார் கணக்கு, கிலோமீட்டருக்கு இத்தனை யூனிட்டுக்கு மேல் போனால் யார் தருவது, சார்ஜர் பழுதால் சிங்கிள் ரத்தானால் யார் தலையில் என்பதெல்லாம் எண்ணில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி மீட்டர் இருந்தால் பாதிச் சண்டை வராது.

மின் ஆய்வாளர் வந்து பார்த்து, எர்த்திங் சோதனை முடிந்து, அனுமதி கைக்கு வந்ததும் திறப்பு விழாவுக்கு நாள் குறிக்க அவசரப்படுவார்கள். அதற்கு முன் ஒத்திகையாக ஓர் இரவு கேளுங்கள். வந்திருக்கும் எல்லா வண்டியையும் பகலில் ஓட விட்டு இரவு ஒரே வேளையில் உள்ளே வரவழையுங்கள். எந்தப் பிரேக்கர் டிரிப் ஆகிறது, டிரான்ஸ்பார்மர் எவ்வளவு சூடாகிறது, மூன்றாம் சுற்று எத்தனை மணிக்கு முடிகிறது என்று குறியுங்கள். நடு இரவில் வேண்டுமென்றே ஒரு ஃபீடரை நிறுத்திப் பாருங்கள். அதிகாலை 4 மணி வண்டி எத்தனை விழுக்காட்டோடு கேட்டைத் தாண்டுகிறது என்பதை டைம் கீப்பரே எழுதட்டும். அவருடைய பதிவேட்டில் வண்டி எண், தடம், நேரம் என்றுதான் கட்டங்கள் இருக்கும். ஸ்கேல் வைத்து ‘சார்ஜ்’ என்று இன்னொரு கட்டம் போட்டுக் கொடுங்கள்.