உங்கள் நாற்காலி உங்களுக்குப் பொருந்துகிறதா?

நாளிதழ் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது, பேரப்பிள்ளைகளுடன் கைப்பேசியில் பேசுவது என, ஒரு நாளில் பல மணி நேரம் நாம் நாற்காலியில்தான் இருக்கிறோம். அந்த நாற்காலி நம் உடலுக்குப் பொருந்தாவிட்டால் இடுப்பும் கழுத்தும் வலிக்கும். அதைவிட முக்கியமானது, எழுந்திருக்கும்போது தடுமாறி விழும் ஆபத்து.

பல வீடுகளில் பிள்ளைகள் வேலைக்காக வாங்கிய அலுவலக நாற்காலியையே பெற்றோரும் பயன்படுத்துகிறார்கள். அது பிள்ளைகளின் உயரத்திற்கு ஏற்ப அமைக்கப்பட்டிருக்கும். சில நிமிடங்கள் செலவிட்டு, அதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துக்கொள்ளுங்கள்.

உயரத்தைச் சரிசெய்யுங்கள்

வீட்டில் நாம் வெறுங்காலுடன் இருப்பதால், காலணி இல்லாமலேயே உயரத்தைப் பாருங்கள். நாற்காலியில் நன்றாகப் பின்னால் தள்ளி உட்காருங்கள்.

• இரு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும்.
• இடுப்பு, முழங்காலின் மட்டத்தில் அல்லது அதைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும்.
• குதிகால் தரையைத் தொடவில்லை என்றால் இருக்கை மிக உயரம். முழங்கால் இடுப்பைவிட மேலே இருந்தால் இருக்கை மிகத் தாழ்வு. தாழ்வான இருக்கையிலிருந்து எழ முழங்காலுக்கு அதிக பலம் தேவைப்படும்.

அலுவலக நாற்காலியின் உயரத்தை மாற்ற, இருக்கைக்கு அடியில் ஒரு பிடி இருக்கும். உட்கார்ந்தபடி அதை இழுத்தால் இருக்கை கீழே இறங்கும். மேலே உயர்த்த, இருக்கையில் எடை இருக்கக்கூடாது. பாதி எழுந்த நிலையில் நீங்களே பிடியை இழுக்க முயலாதீர்கள். நீங்கள் மேசையைப் பிடித்து நின்றுகொண்டு, வீட்டில் உள்ள ஒருவரிடம் இழுக்கச் சொல்லுங்கள்.

சோபா மிகத் தாழ்வாகவும் மெத்தென்றும் இருந்தால், கெட்டியான மெத்தை ஒன்றை அதன்மேல் வைக்கலாம். அது வழுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முதுகுக்கும் கைகளுக்கும் ஆதரவு

• இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்திற்கும் இடையே இரண்டு அல்லது மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். இருக்கை அதிக ஆழமாக இருந்தால் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வையுங்கள்.
• இடுப்புக்கு மேலே உள்ள வளைவுக்கு ஆதரவு தேவை. ஒரு துண்டைச் சுருட்டி அங்கே வைத்தாலும் போதும்.
• கைப்பிடியில் முழங்கை வைக்கும்போது தோள்கள் தளர்வாக இருக்க வேண்டும், மேலே தூக்கியிருக்கக்கூடாது.
• நாளிதழை மடியில் வைத்துக் குனிந்து படிக்காமல் மேசைமேல் வையுங்கள். கைப்பேசியைக் கண்ணுக்கு அருகில் உயர்த்திப் பிடியுங்கள்.

சக்கரங்களில் கவனம்

வழவழப்பான தரையில் சக்கரம் வைத்த நாற்காலி எளிதில் நகர்ந்துவிடும். உட்காரும்போதோ எழும்போதோ அது பின்னால் உருண்டால் நீங்கள் கீழே விழலாம். புடவை முந்தானை, கைலி, வேட்டி ஆகியவையும் சக்கரத்தில் சிக்கக்கூடும்.

முடிந்தவரை, சக்கரம் இல்லாத, இருபுறமும் கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியைப் பயன்படுத்துங்கள். சக்கரம் வைத்ததுதான் இருக்கிறது என்றால், அதைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். காலுக்குக் கீழே முக்காலி வைத்திருந்தால், எழுவதற்கு முன் அதை ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

பாதுகாப்பாக எழும் முறை

1. இருக்கையின் முன்விளிம்புக்கு மெதுவாக நகருங்கள்.
2. பாதங்களைச் சற்றுப் பின்னால் இழுத்து, இடுப்பு அகலத்திற்கு விரித்து வையுங்கள்.
3. இரு கைகளையும் கைப்பிடியில் ஊன்றுங்கள்.
4. மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, கைகளால் அழுத்தி எழுங்கள்.
5. உடனே நடக்காதீர்கள். பத்து வரை எண்ணுங்கள். தலைச்சுற்றல் இருந்தால் மீண்டும் உட்காருங்கள்.

நடைச்சட்டம் பயன்படுத்துபவர்கள் அதைப் பிடித்து இழுத்து எழக்கூடாது. நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்த பிறகே சட்டத்தைப் பிடியுங்கள்.

உட்காரும்போது, கால்களின் பின்புறம் இருக்கையைத் தொடும்வரை பின்னால் வாருங்கள். கைப்பிடிகளைப் பற்றிக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழுந்து உட்காராதீர்கள்.

நீண்ட நேரம் உட்காராதீர்கள்

நாற்காலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அசையாமல் உட்கார்ந்தால் தசைகள் இறுகும், கால் வீங்கும். அரை மணி நேரத்திற்கு ஒருமுறை எழுந்து சிறிது நடங்கள். தொலைக்காட்சியில் விளம்பரம் வரும்போது எழுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

எழுந்து உட்காருவதே ஒரு நல்ல உடற்பயிற்சி. சக்கரம் இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வைத்து, காலையும் மாலையும் 5 முறை எழுந்து உட்காருங்கள். பழகிய பின் 10 முறை செய்யலாம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் ஏற்பட்டால் நிறுத்திவிடுங்கள். இடுப்பு அல்லது முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

பின்வருவனவற்றில் ஏதாவது இருந்தால் உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ சொல்லுங்கள்:

• கையை ஊன்றியும் ஒரே முயற்சியில் எழ முடியவில்லை
• எழும்போது அடிக்கடி தலைச்சுற்றல் வருகிறது
• கடந்த ஓராண்டில் ஒருமுறையாவது விழுந்திருக்கிறீர்கள்
• முதுகு வலி சில வாரங்களாகியும் குறையவில்லை

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். முதுகு வலியுடன் கால்கள் பலம் இழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்படவில்லை என்றாலோ உடனே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஆபத்தான நிலையில் 995 என்ற எண்ணை அழையுங்கள்.

“வயதானால் இப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள். பிறர் கைகொடுக்காமல் நாமே எழுந்து நடப்பது பெரிய சுதந்திரம். இன்றே உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, முதலில் பாதங்கள் தரையில் பதிகின்றனவா என்று பாருங்கள்.