மெழுகு மிச்சப்படுத்தும் மின்சாரம்

பி.எஸ்ஸி., இரண்டாமாண்டு, வேதியியல்

நகல் எடுக்கும் கடையில் வாங்கிய தாள் கையில் வெதுவெதுப்பாக இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். நூல்களை விலை கொடுத்து வாங்க இயலாத நம்மில் பலருக்கு அத்தாள்களே பாடநூல்கள். அந்த வெப்பம் எதற்கு? அதைக் குறைக்க இயலுமா? வேதியியல் தரும் விடையைக் காண்போம்.

1938 அக்டோபர் 22 அன்று, நியூயார்க் நகரின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சனும் அவருடைய உதவியாளர் ஆட்டோ கோர்னியும் உலர்முறையில் முதல் நகலை எடுத்தனர். மின்னூட்டத்தால் தகட்டில் படிந்த தூளை மெழுகுத்தாளில் ஒற்றிச் சூடு காட்டினர். மெழுகு இளகித் தூளைப் பற்றிக்கொண்டது. அன்று தாளில் இருந்த மெழுகு, இன்று தூளுக்குள்ளேயே இருக்கிறது!

டோனரின் அமைப்பு

டோனர் திரவ மை அன்று; ஏறத்தாழ 5 முதல் 10 மைக்ரான் அளவுள்ள துகள்களாலான தூள். அதன் பெரும்பகுதி பாலியெஸ்டர் அல்லது ஸ்டைரீன்-அக்ரிலிக் வகைச் செயற்கைப் பிசின். கறுப்பு நிறம் தருவது கரித்தூள். இவற்றுடன் மின்னூட்டத்தைச் சீராக்கும் பொருளும் சிறிதளவு மெழுகும் சேர்க்கப்படுகின்றன.

தாளில் படிந்த தூள் விரல் பட்டாலே அழிந்துவிடும். எனவே தாளைச் சூடான உருளையின் வழியே செலுத்திப் பிசினை இளக்குகின்றனர். இயந்திரம் செலவிடும் மின்சாரத்தில் பெரும்பங்கு இவ்வுருளையைச் சூடாக்கவே ஆகிறது.

மெழுகின் பணி

வெப்பத்தைக் குறைக்க வேண்டுமெனில் எளிதில் இளகும் பிசின் வேண்டும். ஆனால் அத்தகைய பிசின் உருளையிலும் ஒட்டிக்கொண்டு, மீண்டும் தாளில் பதிந்து கறையாக்கும். இதைத் தடுக்க முற்காலத்தில் உருளைமீது சிலிக்கோன் எண்ணெய் பூசினர். இன்று அப்பணியை மெழுகே செய்கிறது. பிசின் படிப்படியாக இளகும். மெழுகோ குறுகிய வெப்ப எல்லைக்குள் நீர்போல் உருகி வெளியே கசிந்து, உருளைக்கும் பிசினுக்கும் இடையே மென்படலமாகிறது. எண்ணெய் தேவையில்லை, குறைந்த வெப்பமே போதும்.

பிரேசில் நாட்டுப் பனைவகையின் ஓலையிலிருந்து கிடைக்கும் கார்னோபா மெழுகு சுமார் 82 முதல் 86 டிகிரி சென்டிகிரேடில் உருகும். பாரஃபின், பாலிஎதிலீன் மெழுகுகளும் பயன்படுகின்றன.

உருகுநிலை மிகவும் குறைந்தால் என்ன ஆகும்? கோடையில் கிடங்கிலேயே தூள் கட்டி தட்டிவிடும். ஆதலால் மெழுகையும் இளகும் பிசினையும் உள்ளே வைத்து, சற்றுக் கடினமான பிசினை மேலுறையாக அமைக்கும் முறையும் உண்டு.

ஆய்வகத்தில் நுண்குழாயில் உருகுநிலை காண்பதை மதிப்பெண்ணுக்கான பயிற்சி என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அந்த ஓர் எண்ணைத் தக்கபடி தேர்ந்தால், அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் மின்சாரம் மிச்சமாகும். விளக்கை அணைப்பது மட்டுமா சிக்கனம்? பொருளின் பண்பறிந்து பயன்படுத்துவதும் சிக்கனமே!