கோலார் தங்கவயலும் ஓட்டுநர் உரிமமும்

தகுதிச் சான்று என்பது கோலார் தங்கவயலுக்குப் புதிதன்று. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்ற சுரங்கங்களில், தொழிலாளரைக் கூண்டில் ஏற்றி இறக்கும் பொறியை இயக்குபவர் தேர்வில் தேறியவராக இருத்தல் வேண்டும் என்பது சுரங்க விதி. அச்சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. பிழைப்புக்காக நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறும் குடும்பங்களின் இளைஞர்களுக்கு, நிலமோ முதலோ இல்லாத நிலையில், ஓட்டுநர் உரிமமே ஒரு சிறு மூலதனமாகும்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, கார் ஓட்ட விரும்புவோர் 18 வயது நிறைந்தபின் முதலில் பழகுநர் உரிமம் பெறுதல் வேண்டும். சாலைக் குறிகள், விபத்தின்போது ஓட்டுநரின் கடமைகள் முதலியன பற்றிய வினாக்களில் 60 விழுக்காட்டுக்கேனும் சரியான விடை தேவை. குறைந்தது 30 நாள் பழகிய பின்னரே ஓட்டுத் தேர்வு. ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னுக்கு உருளாமல் கிளப்புதலும், பின்னோக்கிச் செலுத்துதலும் மனப்பாடத்தால் கைவருவன அல்ல. தவறியவர் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம்.

வாடகை வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019இல் நீக்கப்பட்டது. திறமையிருந்தும் பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கு இது பெரும் நிவாரணம், முன்பே செய்திருக்கலாம். இலகுரக வாகன உரிமம் பெற்றவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத டாக்சியையும் சரக்கு வண்டியையும் தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் கூறியது. அதன் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் இதனை உறுதி செய்தது. பேருந்து, லாரி ஆகியவற்றுக்கோ 20 வயதும், இலகுரக உரிமத்துடன் ஓராண்டுக் காத்திருப்பும், மருத்துவச் சான்றும் தேவைப்படுகின்றன.