கொக்கரே பெள்ளூர் கற்பிக்கும் பாடம்

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் வழியில், மண்டியா மாவட்டம் மத்தூர் வட்டத்தில், கொக்கரே பெள்ளூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. கொக்கரே என்பது கன்னடத்தில் நாரையைக் குறிக்கும் சொல். பெயருக்கேற்ப, ஆண்டுதோறும் பனிக்காலத்தை ஒட்டி மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் அங்கே வந்து, வீட்டோரத்துப் புளிய மரங்களிலும் அத்தி, அரச மரங்களிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. அங்கே காடு இல்லை, வேலியும் இல்லை. மரத்தின் கீழே மனிதர் குடியிருப்பு. மேலே பறவைக் குடும்பம். இப்பறவைகளைப் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்த மகள்களாகவே ஊரார் கருதுகின்றனர். முன்னொரு காலத்தில் பிளேக் நோய்க்கு அஞ்சி ஊரார் பழைய இடத்தை விட்டுப் பெயர்ந்தபோது, பறவைகளும் உடன் பெயர்ந்து வந்தன என்று அங்குள்ளோர் கூறுவர்.

இதனைக் கேட்போர், ‘எவ்வளவு அன்புள்ளம் கொண்ட மக்கள்!’ என்று வியப்பர். அன்பு உண்டு; அதில் ஐயமில்லை. ஆயினும், அறிவியல் பயிலும் நாம் வியப்போடு நின்றுவிடுதல் பொருந்தாது. அந்த அன்பு எதனால் நிலைக்கிறது, எதனால் குலையக்கூடும் என்று ஆராய்தல் வேண்டும். வரவு, செலவு, உரிமை என்னும் மூன்று தலைப்புகளில் இதனைக் காண்போம்.

வரவு

பறவையால் ஊருக்கு வரும் பயனை விளக்க, செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் நல்ல சான்றாகும். அங்கே ஏரிக்குள் நிற்கும் மரங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன. சுற்றுவட்டார நீர்நிலைகளில் மீன் தின்று, ஏரிக்குத் திரும்பி எச்சமிடுகின்றன. எச்சத்தில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மிகுதி. பயிருக்கு இன்றியமையாத சத்துகள் இவை. ஆகவே, பல ஊர் நீரில் பரந்து கிடந்த சத்தினைப் பறவை திரட்டி ஓர் ஏரியில் சேர்க்கிறது. ஏரி நீரோ வயலுக்குப் பாய்கிறது. கூலி கேளாமல் உரம் சுமக்கும் வேலையாள் என்றே பறவையைச் சொல்லலாம்.

வேதியியல் நூல்களைப் பயிலாத உழவர் இதனை அனுபவத்தால் அறிந்திருந்தனர். வெள்ளையர் படையினர் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். பறவைகளைக் காக்கும் உறுதியை 1798ஆம் ஆண்டில் எழுத்துமூலம் பெற்றனர். இன்று நடைமுறையிலுள்ள வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் பிறந்தது. வேடந்தாங்கல் மக்கள் அதற்கு 174 ஆண்டுகள் முந்தியவர்கள்.

கொக்கரே பெள்ளூரிலும் இவ்வரவு உண்டு. மரத்தடியில் குழி தோண்டி, விழும் எச்சத்தை வண்டல் மண்ணோடு சேர்த்து எருவாக்குகின்றனர்.

செலவு

ஆனால், ஈரூருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வேடந்தாங்கலில் பறவை தங்கும் ஏரி பொது உடைமை. கொக்கரே பெள்ளூரில் பறவை தங்கும் புளிய மரங்களில் பல தனியார் உடைமை. கூடுகள் நிறைந்து எச்சம் படிந்த மரத்திலிருந்து நல்ல புளி கிடைப்பதில்லை. பெருமை ஊருக்கு; இழப்போ மரக்காரருக்கு! ஓராண்டு பொறுத்துக்கொள்ளலாம், ஆண்டுதோறும் பொறுப்பதென்றால் ஏழை உழவர் என் செய்வார்? மரத்தை விலைக்குக் கேட்டு வருபவர் பணத்தோடு வாசலில் நிற்கிறாரே!

1976ஆம் ஆண்டில் வனத்துறை அலுவலர் நெகின்ஹால் இவ்வூரின் சிறப்பை வெளியுலகம் அறியச் செய்தார். பின்னர், புளி இழப்புக்கு ஈடாக மரக்காரர்க்கு வனத்துறை பணம் வழங்கும் முறை ஏற்பட்டது. இதனை இரக்கத்தால் தரும் உதவி என எண்ணுதல் தவறு. கூழைக்கடா நாடு முழுமைக்கும் உரிய செல்வமாயின், அதனைக் காக்கும் செலவும் நாடு முழுமைக்கும் உரியதே. எனவே, அப்பணம் கடன். அது காலத்தில் வாராவிடினும், புளியின் விலைக்கேற்ப உயராவிடினும், மரம் கோடரிக்கு இரையாகும். மரம் போனபின் அன்பு இருந்தும் பறவை எங்கே கூடு கட்டும்?

உரிமை

வரவும் செலவும் சரியானால் போதுமா? முடிவு செய்யும் உரிமையும் வேண்டும்.

1990களில் மைசூர் இயற்கை ஆர்வலர் குழு ஒன்று இவ்வூர் மக்களோடு சேர்ந்து பணியாற்றத் தொடங்கியது. ஊர் இளைஞர்கள் ‘ஹெஜ்ஜார்லே பளக’, அதாவது கூழைக்கடாவின் சுற்றம், என்னும் பெயரில் ஒன்றுகூடினர். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிடும் பணி நடந்தது. இதற்கிடையே 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வனவிலங்குச் சட்டத்தில் ‘சமுதாயக் காப்பகம்’ என்னும் புதுவகை சேர்ந்தது. ஊராட்சி நியமிக்கும் ஐவரும் வனத்துறைப் பிரதிநிதி ஒருவரும் கொண்ட குழு அதனை மேற்பார்க்கும் என்று அத்திருத்தம் விதித்தது. 2007இல் கொக்கரே பெள்ளூர் சமுதாயக் காப்பகம் ஆயிற்று.

ஊரார் கையில் உரிமை வந்தால் அரசு விலகிவிடலாம் என்பது இதன் பொருளன்று. 2017 டிசம்பரை ஒட்டிய பருவத்தில் இங்கே கூழைக்கடாக்கள் பல அடுத்தடுத்து இறந்தன. அவற்றின் உடலில் ஒட்டுண்ணிப் புழுக்கள் காணப்பட்டன. பறவை மீன் தின்னும் ஏரிகளெல்லாம் இவ்வூருக்கு உட்பட்டவையல்ல. அங்கே கால்நடை மருத்துவரும் ஆய்வுக்கூடமும் பிற ஊர்களும் கைகொடுத்தாக வேண்டும். இதுவே கூட்டுறவின் பொருள்.

ஊரின் சொல்லைக் கேளாது முடிவு செய்தால் என்ன நேரும் என்பதற்கு மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி சான்று. குன்றும் வல்லூறும், சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும், குடைவரைக் கோயிலும் உள்ள அவ்விடம் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதன் ஒரு பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனதாக 2024 நவம்பரில் செய்தி வந்தது. கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் இயற்றின. 2025 ஜனவரியில் மக்கள் மதுரைக்குப் பேரணியாக நடந்தனர். அம்மாதமே மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. அறிவிப்புப் பலகை ஒன்றே அரணாகாது. ஊர் எழுந்து நின்றதால்தான் குன்றும் நின்றது.

இங்கே கல்வி கற்கும் நாம் விடுமுறையில் ஊருக்குச் செல்கிறோம். மைசூர் இராமாபுரமாயினும், தமிழகத்து எந்தச் சிற்றூராயினும், ஓர் ஏரியோ பழங்கோயிலோ கோயில் மரமோ இல்லாத ஊர் அரிது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, மூன்று வினாக்களை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வருவோம். இதனால் பயன் பெறுவோர் யார்? இதற்காக இழப்போர் யார்? இதனைப் பற்றி முடிவு செய்வோர் யார்? மூன்றுக்கும் விடை வேறு வேறு மனிதராக இருப்பின், அந்தச் செல்வம் ஆபத்தில் இருக்கிறது என்று அறியலாம். அந்த விடைகளைக் கிராம சபையில் படித்துக் காட்டுவதே நாம் செய்யக்கூடிய முதல் தொண்டு.