பன்னீர்த் திராட்சையும் வாங்குவோர் நம்பிக்கையும்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் இங்கு கொண்டுவரப்பட்டது எனக் கூறப்படும் இக்கொடிக்கு இஃது உரிய பெருமையே. ஆயினும் குறியீடு பெயரை மட்டுமே காக்கும். பெட்டிக்குள் இருக்கும் பழத்தைக் காக்க வேண்டியவர் பயிரிடுவோரும் விற்போருமே ஆவர்.

பிற பகுதிகளில் பருவத்தில் மட்டும் அறுவடையாகும் திராட்சை, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் வட்டாரங்களில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. தேக்கடிக்குச் செல்வோரும், கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் குமுளி வழியே சபரிமலை செல்லும் அன்பர்களும் சாலையோரக் கடைகளில் பெட்டி பெட்டியாக வாங்கிச் செல்கின்றனர். அவர்கள் அப்பெட்டியைத் தம் ஊர் சென்ற பின்னரே திறப்பர். மேலே கருநீலப் பழமும் அடியில் புளிப்புக் காயும் இருக்கக் கண்டால், சண்டையிட எவரும் திரும்பி வரமாட்டார். அடுத்த முறை வண்டியை நிறுத்தமாட்டார், அவ்வளவுதான். இந்த நட்டம் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. குற்றமற்ற பக்கத்துத் தோட்டக்காரரும் இதனைச் சுமக்கிறார்.

மாவும் வாழையும் பறித்த பின்னர்ப் பழுக்கும். திராட்சை அவ்வாறன்று, கொடியில் ஏறிய இனிப்பே இனிப்பு. விலை உயர்ந்துள்ளதெனச் சில நாள் முன்னரே வெட்டிய குலை, எத்தனை நாள் வைத்திருப்பினும் புளிக்கவே செய்யும். நிறத்தை மட்டும் நம்பாது, குலையின் நுனிப் பழத்தைச் சுவைத்துப் பார்த்து வெட்டுதல் நலம். நுனிதான் கடைசியில் பழுக்கும். பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் வெட்டிக் காம்பைப் பிடித்தே கையாளுதல் வேண்டும். பழத்தின் மேல் திருநீறு பூசினாற்போல் படிந்துள்ள மெல்லிய மெழுகு, ஈரம் போகாது காக்கும் இயற்கைப் போர்வையாகும். பளபளப்புக்காக அதனைத் துடைப்போர் பழத்தின் ஆயுளையே குறைக்கின்றனர். அது மருந்துத் தூளோ என வாங்குவோர் ஐயுற்றால், பொறுமையாக விளக்குதல் கடமை. அவ்விளக்கம் உண்மையாக இருப்பதற்கு, தெளித்த மருந்தின் சீட்டில் அச்சிட்டுள்ள காத்திருப்பு நாள்களைத் தவறாது கடைப்பிடித்திருக்க வேண்டுமல்லவா?

வெடித்த பழம் ஒன்றிலிருந்து கசியும் சாறு குலை முழுவதற்கும் பூஞ்சணத்தைப் பரப்பிவிடும். கத்தரியால் அதனை நீக்கச் சிறிது நேரமே ஆகும். பெட்டிக்கு இவ்வளவு எனக் கூலி பேசுவதால்தான் இவ்வேலை விடுபடுகிறது என்பது நம் கருத்து. குலை சீர் செய்யும் பெண்டிர்க்கு நாட்கூலி தருதல் சற்றுச் செலவாயினும் தகும்.

எடையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. பெட்டியின் எடையைக் கழித்தே பழத்தை நிறுத்தல் வேண்டும். தராசின் எண் வாங்குவோர் கண்ணுக்குத் தெரியுமாறு இருத்தல் வேண்டும். 1999இல் மதுரையில் தொடங்கப்பெற்ற உழவர் சந்தை மக்களிடம் மதிப்புப் பெற்றதற்கு, அன்றாட விலைப்பலகையும் சரியான தராசும் பெருங்காரணங்களாம். சாலையோரக் கடைக்கும் ஒரு விலைப்பலகை அரிதன்று.

ஊராட்சி உறுப்பினர்கள் செய்யத்தக்கனவும் உள. உதிர்ந்த பழங்களில் ஈயும் குளவியும் மொய்க்கும் கடையில் குழந்தையுடன் வருபவர் இறங்கத் தயங்குவர். அன்றாடம் குப்பை அகற்றவும், சாலை வளைவுகளில் கடை அமையாது, வண்டி நிறுத்த இடமும் நிழலும் உள்ள பகுதியில் அமையவும் ஊராட்சிகள் அடுத்த கார்த்திகைக்கு முன்னரே ஏற்பாடு செய்தல் வேண்டும்.