படகில் பழுது, ஆலையில் மௌனம்: டென்மார்க்கில் என்ன செய்யலாம்?

மே மாதம் டென்மார்க் கரைகளுக்கு முரல் வந்துவிடும். அதன்பின் கோடை முழுக்கக் கானாங்கெளுத்தி. ஹேர்னிங்கிலும் ஹொல்ஸ்டெப்ரோவிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் லிம்ஃபியோர்டுக்கும் வைட சாண்டவுக்கும் தூண்டிலோடு கிளம்புகிற காலம் இது. அந்த நேரம் பார்த்துப் புதுப் படகு அடியில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினால்? ஆலைக்கு மின்னஞ்சல் அனுப்பினால் பதிலில்லை. விற்ற கடைக்குத் தொலைபேசி எடுத்தால், “ஆலைக்கு எழுதியிருக்கிறோம், அவர்கள் சொல்லட்டும்” என்கிறார்கள். இப்படியே ஒக்டோபர் வந்துவிடும், படகும் கரையேறிவிடும்.

இந்த நிலையில் பெரும்பாலானோர் ஆலையைத் துரத்துவதிலேயே கோடையைத் தொலைக்கிறார்கள். அது தேவையில்லை. உங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் படகை உங்களுக்கு விற்றவர். ஆலை போலந்தில் இருந்தாலும், பின்லாந்தில் இருந்தாலும், மூடப்பட்டே போயிருந்தாலும் அந்தக் கடமை மாறாது. செய்ய வேண்டியவை ஒழுங்குமுறைப்படி கீழே.

1. படகைக் கரையேற்றுங்கள், குறையைப் பதிவு செய்யுங்கள்

குறை தெரிந்தபின் தொடர்ந்து ஓட்டினால், “நீங்கள்தான் பழுதைப் பெருக்கினீர்கள்” என்று சொல்ல விற்றவருக்கு இடம் கிடைக்கும். முதலில் படகை டிரெய்லரில் ஏற்றுங்கள்.

தண்ணீர் எடுக்கும் படகில் ஒரு எளிய சோதனை செய்யலாம். நீரிலிருந்து இழுத்த கையோடு அடிப்பக்கத்தைச் சுற்றிப் பாருங்கள். உள்ளே புகுந்த நீர், புகுந்த வழியாலேயே சொட்டுச் சொட்டாக வெளியே வரும். சொட்டும் இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். பிறகு உட்பக்கத்தை நன்றாகத் துடைத்து உலர்த்தி, மூட்டுகள் ஓரமாகச் சமையலறைக் கடதாசியைக் கீற்றுக் கீற்றாக வைத்து மறுபடி நீரில் இறக்குங்கள். முதலில் நனையும் கீற்று இடத்தைக் காட்டிக் கொடுக்கும். இதைத் தொடர்ச்சியாக வீடியோ எடுத்து வையுங்கள்.

எஞ்சின் பூட்டும் பின்பலகையைத் திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று இருக்கும். உள்ளே பலகை நனைந்தோ பைபர் பிரிந்தோ இருந்தால் ஓசை மந்தமாகும். கயிறு கட்டும் கொக்கிகளைச் சுற்றி நட்சத்திரம் போல் விரிந்த மயிர்வெடிப்புகள் இருந்தால், அங்கே படகு அளவுக்கு மீறி வளைகிறது என்று பொருள்.

பின்பலகையின் வெளிப்புறம் வலது பக்கத்தில் 14 எழுத்தும் இலக்கமும் கலந்த படகு அடையாள எண் பதிந்திருக்கும். அதையும் உற்பத்தியாளர் தகட்டையும் எஞ்சின் தொடர் எண்ணையும் தெளிவாகப் படம் எடுங்கள். இனி எழுதும் எல்லாக் கடிதத்திலும் இந்த எண்கள் வேண்டும்.

2. இது குறையா, பாவனைத் தவறா?

விற்றவர் முதலில் எழுப்பப்போகும் கேள்வி இதுதான். அதனால் உங்களிடம் நீங்களே முதலில் கேட்டுவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் 2.5 முதல் 24 மீட்டர் வரையான பொழுதுபோக்குப் படகுகளுக்கு 2013/53 இலக்கப் பணிப்புரை பொருந்தும். படகுத் தகட்டில் சிஇ குறியும் ஏ, பி, சி, டி என்ற நான்கு வகைகளில் ஒன்றும் ஏற்றக்கூடிய ஆட்கள் தொகையும் எடையும் இருக்க வேண்டும். டி வகை, காற்று விசை எண் 4 வரையும் சிற்றலைகளும் உள்ள ஒதுக்குநீருக்கு. சி வகை, காற்று விசை எண் 6 வரைக்கும் 2 மீட்டர் வரையான அலைக்கும். டி வகைப் படகை வட கடலுக்குக் கொண்டுபோய், அலை உள்ளே அடித்தது என்று முறையிட்டால் எடுபடாது. தகட்டில் சி என்று போட்டுவிட்டு, அமைதியான ஃபியோர்டில் பின்பலகை வெடித்தால் அது குறை.

குளிர்காலம் இன்னொரு சிக்கல். எஞ்சினில் தங்கிய நீர் உறைந்து வெடித்தால் பழி உங்கள் மேல் விழும். ஆகவே குளிர்காலப் பராமரிப்புப் பற்றுச்சீட்டுகளையும் சர்வீஸ் புத்தகத்தையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

3. பொறுப்பாளி யார் என்று உறுதி செய்யுங்கள்

டென்மார்க்கின் கொள்வனவுச் சட்டம் (கோபெலோவென்) கடையில் வாங்கும் நுகர்வோருக்கு 2 ஆண்டு முறைப்பாட்டு உரிமை தருகிறது. இதை டேனிஷில் ரெக்லமாஷோன்ஸ்ரெத் என்கிறார்கள். இது விற்றவர் மீதான உரிமை. ஆலை தரும் உத்தரவாதம் இதற்கு மேலதிகமானது. அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த உரிமை குறையாது.

படகு ஒரு கம்பனி, எஞ்சின் இன்னொரு கம்பனி என்பது வழக்கம். இரண்டையும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்கியிருந்தால் இரண்டுக்கும் அந்தக் கடையே பொறுப்பு. “எஞ்சின் இறக்குமதியாளரிடம் கேளுங்கள்” என்பது அவர்கள் வசதிக்குச் சொல்வது.

விற்பனை ஒப்பந்தம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்பது, அது இல்லாத இடத்தில்தான் தெரியும். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் அவசர அவசரமாகக் கட்டி இலவசமாகக் கொடுத்த பைபர் படகுகளில் தரங்குறைந்தவையும் இருந்தன. வாங்கியவருக்குப் பில் இல்லை, விற்றவர் என்று ஒருவர் இல்லை. கொடுத்த நிறுவனம் திட்டத்தை முடித்துக்கொண்டு போய்விட்டது. கசிகிற படகுடன் மீனவர் யாரிடம் போவார்? உங்கள் கையில் பில் இருக்கிறது. அதை வைத்துத்தான் மற்ற எல்லாமே.

மூன்று சூழ்நிலைகளில் கணக்கு மாறும்:

- தனியாளிடம் பழைய படகு வாங்கினால், நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது. இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் இன்னும் கடினம். இப்படி வாங்கும்போது முன்கூட்டியே ஒரு படகுப் பரிசோதகருக்குப் பணம் கொடுப்பது மிச்சம்.
- தொழில் மீன்பிடிக்காக நிறுவனப் பெயரில் வாங்கினால் ஒப்பந்தத்தில் எழுதியதே வேதம். கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள்.
- ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து நீங்களே இறக்குமதி செய்தால், படகு ஐரோப்பிய விதிகளுக்கு இணங்குகிறது என்று காட்டும் சுமை உங்கள் தலையில்.

4. நாட்களை எண்ணுங்கள்

குறையைக் கண்டு 2 மாதத்துக்குள் அறிவித்தால் அது உரிய காலத்தில் அறிவித்ததாகவே சட்டம் கொள்ளும். படகு கைக்கு வந்து 1 ஆண்டுக்குள் வெளிப்படும் குறை, தொடக்கத்திலேயே இருந்தது என்றே பொதுவாகக் கருதப்படும். அப்படி இல்லையென்று காட்டுவது விற்றவர் வேலை. இந்தக் காலம் முன்பு 6 மாதம்தான், 2022 ஜனவரி 1 முதல் 12 மாதமாயிற்று. இரண்டாம் ஆண்டிலும் உரிமை உண்டு. ஆனால் நிரூபிப்பது உங்கள் பக்கம் வந்துவிடும்.

இங்கேதான் டென்மார்க் குளிர் ஒரு வேலை செய்கிறது. செப்டெம்பரில் மலிவு விலைக்குப் படகை எடுத்து, கொட்டகையில் வைத்துவிட்டு மே மாதம்தான் நீரில் இறக்கினால், 12 மாதத்தில் 8 மாதம் ஓட்டாமலே போய்விட்டது. ஒன்றில் வசந்தகாலத்தில் கையளிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாங்கிய வாரமே ஒரு நாள் நீரில் ஓட்டிப் பாருங்கள்.

5. கடிதம் எழுதுங்கள், தொலைபேசியை வையுங்கள்

தொலைபேசியில் சொன்னதற்குச் சாட்சி இல்லை. மின்னஞ்சலில் எழுதுங்கள், டேனிஷில் எழுதுவது நல்லது. கோபத்தைக் கொட்ட வேண்டாம். நான்கு விடயம் போதும்: எந்தப் படகு, என்ன குறை, எப்போது கண்டீர்கள், என்ன வேண்டும். மாதிரி இப்படி இருக்கலாம்:

“உங்களிடம் மார்ச் 28 அன்று வாங்கி ஏப்ரல் 12 அன்று பெற்றுக்கொண்ட படகு (அடையாள எண் …) தொடர்பான முறைப்பாடு இது. மே 17 அன்று, படகு இரண்டு மணிநேரம் நீரில் நின்றபின், பின்பலகையின் வலது அடிமூலையில் நீர் கசிவதைக் கண்டேன். படங்களும் வீடியோவும் இணைப்பில். அன்றிலிருந்து படகைப் பயன்படுத்தவில்லை. கொள்வனவுச் சட்டப்படி இதை இலவசமாகத் திருத்தித் தரக் கேட்கிறேன். படகை என்று எடுத்துச் செல்வீர்கள், என்று திருப்பித் தருவீர்கள் என்பதை ஜூன் 2க்குள் எழுத்தில் தெரிவியுங்கள்.”

இதன் பிரதியை ஆலைக்கும் அனுப்பலாம். ஆனால் பெறுநர் இடத்தில் விற்றவர் பெயர் மட்டும் இருக்கட்டும். “ஆலையின் பதிலுக்குக் காத்திருக்கிறோம்” என்று பதில் வந்தால் ஒரே வரியில் முடியுங்கள்: “ஆலையோடு நீங்கள் பேசுவது உங்கள் விடயம், என் ஒப்பந்தம் உங்களோடு.”

6. திருத்த இடம் கொடுங்கள், எல்லையும் போடுங்கள்

சட்டம் தரும் வழிகள் நான்கு: திருத்தம், மாற்றுப் படகு, விலைக் குறைப்பு, ஒப்பந்தத்தை ரத்துசெய்து பணத்தைத் திரும்பப் பெறுதல். குறை அற்பமானதாக இருந்தால் ரத்து கிடையாது. விற்றவர் திருத்தித் தர முன்வந்தால் அந்த வாய்ப்பைக் கொடுக்கத்தான் வேண்டும். எனவே பக்கத்து வீட்டு அண்ணையிடம் கொடுத்து ரெசின் பூசிவிடாதீர்கள். உரிமையும் போகும், ஆதாரமும் போகும்.

ஆனால் திருத்தம் நியாயமான காலத்துக்குள், உங்களுக்குச் செலவின்றி, பெரிய சிரமமின்றி நடக்க வேண்டும். படகைக் கொண்டுபோய்க் கொண்டுவரும் செலவும் விற்றவருடையதே. ஜூனில் கொடுத்த படகை “கோடை விடுமுறைக்குப் பிறகு பார்க்கலாம்” என்றால், பருவம் முழுவதும் பறிபோகிறது என்பதை எழுதிச் சொல்லுங்கள். திருத்திய பின்னும் அதே இடத்தில் கசிந்தால், விலைக் குறைப்போ ரத்தோ கேட்பதற்கு உங்கள் பக்கம் வலுக்கிறது. ஒவ்வொரு முறையும் செய்த வேலை என்ன என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள்.

7. தனி நிபுணரின் அறிக்கை

விற்றவர் “குறையே இல்லை” என்று நின்றால், இரு தரப்பையும் சாராத படகுப் பரிசோதகரிடம் காட்டுங்கள். ஈரப்பதம் அளந்த இடங்கள், எண்கள், படங்கள், காரணம் பற்றிய கருத்து இவை அறிக்கையில் இருக்க வேண்டும். பரிசோதனை நாளை விற்றவருக்கு முன்கூட்டி அறிவித்து, விரும்பினால் வரச் சொல்லுங்கள். “எங்களுக்குத் தெரியாமல் செய்தது” என்ற பேச்சுக்கு இடமிருக்காது. வழக்கு வரை போகும் என்று தோன்றினால், நீதிமன்றம் மூலம் நிபுணரை நியமிக்கும் சூன் ஓ ஸ்கூன் என்ற ஏற்பாடும் உண்டு.

8. முறைப்பாட்டு அமைப்பு, பிறகு நீதிமன்றம்

விற்றவரிடம் எழுத்தில் கேட்டும் பயனில்லை என்றால், விபோர்க் நகரில் உள்ள நெவ்னெனெஸ் ஹூஸ் அடுத்த கதவு. மித்ஐடி மூலம் இணையவழியில் முறைப்பாடு செய்யலாம். முதலில் சமரச முயற்சி நடக்கும். அது சரிவராவிட்டால் நுகர்வோர் முறைப்பாட்டுச் சபைக்கு (ஃபோர்ப்ரூகர்க்லேயநெவ்னெத்) போகும். கட்டணம் சிறியது. பொருளின் விலைக்குக் கீழெல்லையும் மேலெல்லையும் இருப்பதால், விலையுயர்ந்த படகென்றால் முதலில் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டினால் மாவட்ட நீதிமன்றம்தான் வழி.

வழக்கறிஞர் செலவுக்கு அஞ்சிப் பின்வாங்கும் முன் காப்புறுதிப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். டென்மார்க்கில் பல காப்புறுதிகளுக்குள் சட்ட உதவிக் காப்பும் அடங்கியிருக்கும். படகுக்குத் தனிக் காப்புறுதி இருந்தால் அதை முதலில் பாருங்கள், பிறகு வீட்டுப் பொருள் காப்புறுதியை. ஜெர்மனியிலோ சுவீடனிலோ உள்ள கடையில் வாங்கியவர்களுக்கு ஃபோர்ப்ரூகர் யூரோபா என்ற நுகர்வோர் உதவி மையம் இலவசமாக உதவும். கடை திவாலானால் உடனே திவால் நிர்வாகியிடம் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். இறக்குமதியாளர் மீது நேரடியாகப் போக வழியுண்டா என்று வழக்கறிஞரிடம் அப்போது கேட்கலாம்.

9. உயிராபத்து என்றால் ஆலையும் தப்பாது

ஸ்டியரிங் அறுதல், எரிபொருள் கசிதல், பின்பலகை பிளத்தல் போன்றவை உங்கள் ஒரு படகோடு நிற்கிற விடயமல்ல. அதே அச்சில் வார்த்த மற்றப் படகுகளிலும் அந்தக் குறை இருக்கலாம். டென்மார்க்கில் பொழுதுபோக்குப் படகுகளின் சந்தைக் கண்காணிப்பு கடல்சார் அதிகாரசபையின் பொறுப்பு. அதன் தலைமையகம் கோர்சூரில் உள்ளது. படகு எண், படங்கள், நிபுணர் அறிக்கையோடு அவர்களுக்கு எழுதுங்கள். உங்கள் பணத்தை அவர்கள் மீட்டுத் தர மாட்டார்கள். ஆனால் ஆலையிடம் அவர்கள் கேட்கும் கேள்விக்கு மௌனம் பதிலாகாது.

குறையால் ஆளுக்குக் காயமோ வேறு உடைமைக்குச் சேதமோ ஏற்பட்டால், 1989ஆம் ஆண்டின் உற்பத்திப் பொறுப்புச் சட்டப்படி ஆலை மீதே நேரடியாக நட்டஈடு கேட்கலாம். ஆலையைத் தேடிப் போக வேண்டிய இடம் இதுதான்.

10. உடன்பாடு வந்தால் எழுத்தில்

பெரும்பாலான பிணக்குகள் தீர்ப்புவரை போவதில்லை. விற்றவர் ஒரு தொகை குறைத்துத் தர முன்வருவார். ஏற்பதற்கு முன் வேறொரு பட்டறையில் திருத்தச் செலவுக்கு எழுத்து மதிப்பீடு வாங்குங்கள். அதற்குக் கீழே வரும் எந்தத் தொகையும் உங்களுக்கு நட்டம். கையெழுத்திடும் தாளில், தீர்த்துக்கொண்டது இந்த ஒரு குறையை மட்டும் என்றும், வேறு குறைகளுக்கான முறைப்பாட்டு உரிமை தொடரும் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரியைச் சேர்க்க மறுத்தால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள்.