புள்ளி பிசகாத மாக்கின்டாஷ்

1984 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்கின்டாஷ், திரையும் யந்திரமும் பிளாப்பி செருகும் வாயும் ஒரே பெட்டிக்குள் அடங்க, உச்சியில் ஒரு கைப்பிடியோடு மேஜைமேல் அமர்ந்திருந்த பாங்கைக் கண்டவர்களுக்கு, அப்படியொன்றைத் தம் கையாலேயே சமைத்துப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. அதற்காகப் பழைய பெட்டியொன்றை வாங்கி அதன் குடலை உருவிவிட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் படக்குழாயில் அபாயகரமான மின்னழுத்தம் தங்கியிருக்கும் என்பது ஒரு காரணம். பழுது பார்த்தால் பிழைக்கக்கூடிய யந்திரத்தைக் கொன்று அதற்குப் பிரதிமை செய்வது தர்மமன்று என்பது அதனினும் பெரிய காரணம்.

முதற்காரியம் திரையைத் தேர்ந்தெடுப்பது. பெட்டியைச் செய்து முடித்தபின் திரையைத் தேடுவது தலைகீழ் முறை. மூல யந்திரத்தின் சித்திரம் குறுக்கே 512, நெடுக்கே 342 புள்ளிகள் கொண்டது. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை. சாம்பல் நிறமென்று தோன்றுவதும் அவ்விரண்டையும் மாறிமாறி அடுக்கியதால் விளையும் மாயையே. ஆகையால் அதை ஒன்றரை மடங்கு என்பது போன்ற அரைகுறைக் கணக்கில் பெருக்கினால், சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் போய், அந்தச் சாம்பற்பரப்பு அலையலையாகச் சிதைந்துவிடும். 8 அங்குலத்தில் 1024-க்கு 768 என்ற கணக்கில் விற்கும் எல்சிடி திரையே இதற்கு உத்தமம். சித்திரம் சரியாக இருமடங்காகி அகலம் முழுவதையும் நிறைக்கும். மேலும் கீழும் தலா 42 வரிகளே கறுப்பாக எஞ்சும்.

திரை அமைந்தால் பெட்டியின் பிரமாணமும் அமைந்துவிடும். இத்திரையில் சித்திரத்தின் அகலம் சுமார் 6.4 அங்குலம், மூலத்திலோ 7.1, அதாவது பத்தில் ஒன்பது பங்கு. எனவே 345 மில்லிமீட்டர் உயரம் 310 ஆகவும், 244 அகலம் 220 ஆகவும், 277 ஆழம் 250 ஆகவும் குறுகும். முப்பரிமாண அச்சு யந்திரத்தின் தட்டு சிறிதானால் துண்டு துண்டாக அச்சிட்டு ஒட்டி, இணைப்புகளில் பட்டி பார்த்து, 120, 220, 400 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்த பிறகே இளம்பழுப்பு வர்ணம் பூசுங்கள். மூல மாக்கின்டாஷில் விசிறி கிடையாது. மேற்புறத் துவாரங்களின் வழியே வெப்பம் தானாக வெளியேறியது. அந்தத் துவாரங்களை நீங்களும் விட்டுவையுங்கள்.

உள்ளே ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி போதும். 5 வோல்ட், 3 ஆம்பியர் தரும் மின்னிணைப்பும் வெப்பந்தணிக்கும் அலுமினியத் துண்டும் வேண்டும். அதில் மினி விமாக் என்ற மென்பொருளை நிறுவினால் 1986-இல் வந்த மாக்கின்டாஷ் பிளஸ் உயிர்பெறும். ஆனால் அதற்கு அந்த யந்திரத்தின் ரோம் சில்லிலுள்ள 128 கிலோபைட்டின் நகல் தேவை. அது ஆப்பிளின் உடைமையாதலால், சொந்தமாக உள்ள பிளஸ் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்வதே நேர்மை. பின்னர் சிஸ்டம் 6 என்ற இயங்குதளம் அடங்கிய வட்டு நகலைக் கொடுத்து, கன்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தினால் முழுத்திரையும், எம் அழுத்தினால் இருமடங்கும் கிட்டும். வேகம் வழக்கமாக எட்டு மடங்கில் இருக்கும். அதை ஒரு மடங்குக்கு இறக்கிவிடுங்கள். ஜன்னல் ஒன்று நிதானமாக விரியும் அந்தச் சிறுகணம் இல்லாவிட்டால் பழைய யந்திரத்தின் ஸ்வபாவமே போய்விடும்.

மூலப் பெட்டியின் பின்மூடிக்கு உட்புறத்தில் அதைப் படைத்தவர்களின் கையெழுத்துகள் வார்க்கப்பட்டிருந்தன. திருகுகளை முடுக்குமுன் உங்கள் பெயரையும் தேதியையும் ஊசிமுனையால் அங்கே கீறிவையுங்கள்.